மிஷின் அக்கா விவசாயத்தைக் கண்டுபிடித்த கதை

விவசாயத்தை மனிதர்கள் ஒரே இடத்தில் கண்டுபிடிக்கவில்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதாமல், பூமியின் ஏழெட்டு மூலைகளில் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள் என்று எங்கள் கெம்பஸ் விரிவுரையாளர் சொல்வார். சொல்லிக்கொண்டே உலகப் படத்தில் ஒவ்வொரு மூலையாகத் தொட்டுக் காட்டுவார். அவர் தொடாமல் விட்ட மூலை ஒன்று இருக்கிறது. எல்கடுவப் பக்கம், எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால், மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் வழிந்து வழிந்து சேறாகிக் கிடக்கிற, இரண்டு கட்டில் போடக்கூடிய அளவு நிலம். கண்டுபிடித்தவர் மிஷின் அக்கா. மற்ற மூலைகளில் இந்த வேலைக்கு ஆயிரக்கணக்கான வருஷங்கள் எடுத்துக்கொண்டார்கள். மிஷின் அக்காவுக்கு இரண்டே வருஷம். அதிலும் ஒன்றரை வருஷம் தலைகீழாகச் செய்தார்.

அந்த யோசனை பிறந்த இடமும் நேரமும் எனக்கு நன்றாகத் தெரியும். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா நிற்காததுதான் என் குற்றம்.

மடு மாதா திருவிழாவுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். தோட்டத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து பிடித்த பஸ். மாத்தளை டவுன் இதோ வந்துவிட்டது என்று எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, பலாபத்வலவில் பின் டயர் காற்றுப் போய் உட்கார்ந்துவிட்டது. இறங்கி, ரோட்டோரத்தில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் பிளேன்டீ குடித்தோம். கடைக்குப் பின்னால் அவருடைய வயல். வயலுக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால். அந்த வாய்க்காலுக்குள் நெல் மாதிரி ஒன்று, ஆனால் நெல்லைவிட முரடாக, நீள நீளமாய் மீசை வைத்துக்கொண்டு நின்றது.

நான் அப்போதுதான் முதலாம் வருஷம் முடித்திருந்தேன். முதலாம் வருஷம் முடித்த ஒருத்தியின் வாயை யாராலும் அடைக்க முடியாது.

“அக்கா, இது காட்டு நெல். நாம சாப்பிடுற நெல்லுக்குப் பாட்டன் பூட்டன் மாதிரி. பழுத்த ஒடனே தானா உதிர்ந்து சேத்துல விழுந்திரும். ஆதியில இத எடுத்து நட்டு நட்டுத்தான், உதிராம கதிர்லயே நிக்கிற நெல்லா மாத்தினாங்க.”

“யாரு மாத்தினா?”

“தெரியாதுக்கா. அது ஆயிரக்கணக்கான வருசத்துக்கு முந்தி.”

“ஆம்பளயா, பொம்பளயா?”

“பொம்பளைங்களாத்தான் இருக்கும்னு நெறைய பேர் சொல்றாங்க.”

“அவ பேரு என்ன?”

“பேரா? அத யாரும் எழுதி வைக்கலியே.”

அக்கா பிளேன்டீக் கோப்பையைக் கீழே வைத்தார். எங்கள் தோட்டத்தில் மிஷின் அக்கா பிளேன்டீயைப் பாதியில் வைத்தார் என்றால் யாருக்கோ வேலை வரப்போகிறது என்று அர்த்தம்.

“இம்புட்டு பெரிய வேல செஞ்சிருக்கா. ஒருத்தனுக்கும் பேரு தெரியாதா?”

“அப்ப எழுத்தே இல்லக்கா.”

“சரி. அப்ப திரும்பச் செய்வோம். இந்தத் தடவ நீ எழுது.”

சொல்லிவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினார். கடைக்கார நானா எட்டிப் பார்த்துச் சத்தம் போட்டார்.

“தங்கச்சி, அது களைதானே! மாடும் ஒழுங்காத் திங்காது. எண்ட வயலுக்குப் பெரிய தொந்தரவு. வேணுமெண்டா மொத்தமாப் புடுங்கிட்டுப் போங்க, புண்ணியமா ஈக்கும்.”

“மொத்தமா வேணாம் நானா. ஒரு கை போதும்.”

அந்த ஒரு கை நெல்லை முந்தானையில் முடிந்துகொண்டார். மடுவிலிருந்து எல்லோரும் கோயில் மண் கொண்டுவருவார்கள். வீட்டில் வைத்தால் பாம்பு அண்டாது என்று நம்பிக்கை. அக்காவின் கணவர் அந்தோணி அண்ணன் பஸ்ஸில் ஏறி எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: “எல்லா வீட்டுக்கும் மடு மண்ணு போகுது. என் வீட்டுக்கு மட்டும் புல்லு போகுது.”

அக்காவுக்கு அந்தப் பேர் வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். சில வருஷங்களுக்கு முன் தோட்டத்துக்குக் கொழுந்து வெட்டுகிற மிஷின் ஒன்றைக் கொண்டுவந்து பரீட்சித்தார்கள். இந்தப் பக்கம் மிஷின், அந்தப் பக்கம் அக்கா. மிஷின் உறுமிக்கொண்டு போனது. அக்கா உறுமாமல் போனார். பகல் சாப்பாட்டுக்கு மணி அடித்தபோது மிஷினுக்குள் ஒரு குச்சி சிக்கி நின்றிருந்தது, அக்கா பக்கத்து நிரையையும் முடித்திருந்தார். மிஷினைக் கொண்டுபோய் ஸ்டோருக்குள் போட்டுச் சாக்கால் மூடினார்கள். பேரை அக்கா எடுத்துக்கொண்டார். அந்தக் கைகள் ஓடுகிற வேகத்தைப் பார்த்தால், தேயிலைச் செடிகள் தாமாகவே கொழுந்தைக் கழற்றிக் கொடுக்கிற மாதிரி இருக்கும். இந்தக் கைகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் எல்லாக் குழப்பமும் அவை செய்ததுதான்.

ஐப்பசி மழை தொடங்கியது. நான் லீவுக்கு வந்தபோது, லயத்துக்குப் பின்னால் மிஷின் அக்கா குந்தி உட்கார்ந்து, கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி ஒன்றைச் சீவிக் கூர்மையாக்கிச் சேற்றைக் குத்திக்கொண்டிருந்தார்.

“என்னக்கா இது? மண்வெட்டி இல்லியா?”

“அந்தப் பொம்பளகிட்ட மண்வெட்டி இருந்திச்சா?”

“...இல்ல.”

“அப்ப எனக்கும் வேணாம். ஒரு விசயம் திரும்பச் செய்யிறதுன்னா ஒழுங்காச் செய்யணும் புள்ள. பசளை?”

“இல்ல.”

“மருந்து?”

“இல்லவே இல்ல.”

“கூடை?”

நான் கொஞ்சம் யோசித்தேன். பாய், கூடை எல்லாம் மனிதர்கள் வெகு காலத்துக்கு முன்பே பின்னியவைதான். “கூடை இருந்திருக்கலாம்” என்றேன்.

“வெட்டுறதுக்கு?”

“கல்லுல செஞ்ச அரிவாள் மாதிரி ஒண்ணு பின்னாடி வந்திச்சு.”

“அது எதுக்கு? எனக்குத்தான் கையிருக்கே.”

அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒன்றரை வருஷம் மிஞ்சியிருக்கும். அந்தப் பாடத்தில் நான் பாதி அத்தியாயம்தான் படித்திருந்தேன். மீதிப் பாதி பரீட்சைக்கு வராது என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

விதைத்ததில் பாதி முளைக்கவேயில்லை. காட்டு விதைகள் எல்லாம் ஒரே நாளில் எழும்பாது. சில தூங்கிக்கொண்டே இருக்கும். ஒரு மழையை நம்பி எல்லாம் எழும்பி எல்லாம் செத்துப்போகாமலிருக்க அது காட்டுச் செடியின் தற்காப்பு. நான் இதை விளக்கியபோது அக்காவுக்குக் கோபம் வந்தது.

“காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்கு வராம லயத்துலயே படுத்துக் கெடக்கிறவன் மாதிரி. இதெல்லாம் பழக்கிரலாம். வந்தவனுக்குத்தான் பேரு.”

முளைத்தவை வளர்ந்தன. கதிர் வந்தது. கதிரோடு குருவியும் வந்தது. குருவி விரட்டுவதற்காக அக்கா, பகல் சாப்பாட்டுக்கு மலையிலிருந்து ஓடி வருவார். சோற்றை ஒரு கையால் சாப்பிட்டு மறு கையால் தகரம் தட்டுவார். வேலையை மேற்பார்க்கிற கங்காணி மேலே நின்று கத்துவார், “ஏம்மா மிஷின், நீ கொழுந்து எடுக்க வந்தியா, குருவி பாக்க வந்தியா?”

“ரெண்டுக்கும் நேரம் இருக்கு கங்காணி. உங்களுக்குத்தான் ஒண்ணுக்கும் நேரமில்ல.”

அந்தத் தகரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான், ஆதி மனிதர்களின் இடப்பெயர்வு பற்றிய மிஷின் அக்காவின் ஆராய்ச்சிகள் வெளிவந்தன. மனிதர்கள் ஏன் இடம் இடமாக நகர்ந்தார்கள், ஏன் விதையைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுபோனார்கள் என்று எங்கள் துறையில் பெரிய சர்ச்சை உண்டு. பருவநிலை என்பார் ஒருவர். சனத்தொகை என்பார் இன்னொருவர். குரக்கன் என்கிற கேழ்வரகு ஆபிரிக்காவில் பிறந்து கடல் தாண்டி இந்தப் பக்கம் வந்தது என்று நான் சொன்னபோது, அக்கா அந்தச் சர்ச்சையை ஒரே மூச்சில் முடித்துவைத்தார்.

“கங்காணி.”

“என்னக்கா?”

“அந்தக் காலத்துலயும் ஒரு கங்காணி இருந்திருப்பான் புள்ள. ‘அந்தப் பக்கம் போனா வேல கம்மி, சோறு ஜாஸ்தி, மழையும் இல்ல, அட்டையும் இல்ல’ன்னு சொல்லிக் கூட்டிக்கிட்டு வந்திருப்பான். பின்ன என்ன, சொந்த எடத்த விட்டுட்டு எவன் சும்மா நடப்பான்? எங்க ஆளுங்க இந்தியாவுல இருந்து மன்னாருல எறங்கி அதே மடு ரோட்டுல, பஸ் பஞ்சரான அதே பலாபத்வலைக்கு நடந்துதானே வந்தாங்க? சும்மாவா வந்தாங்க?”

“கற்காலத்துல கங்காணி இருந்ததுக்கு ஆதாரம் இல்லக்கா.”

“கங்காணி எந்தக் காலத்துல ஆதாரத்த விட்டுட்டுப் போனான்?”

இதை எங்கள் விரிவுரையாளரிடம் சொன்னேன். அவர் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தி எதையோ குறித்துக்கொண்டார்.

அக்காவின் ஆராய்ச்சி கோயிலையும் விட்டுவைக்கவில்லை. ஒரு ஞாயிறு, பூசை முடிந்து ஃபாதர் வாசலில் நின்று எல்லோரையும் விசாரித்துக்கொண்டிருந்தார்.

“ஃபாதர், காயீன் விவசாயிதானே?”

“ஆமாம்மா.”

“அவனுக்கு வெத நெல்லு குடுத்தது யாரு?”

“ஆண்டவர்தாம்மா எல்லாம் குடுத்தார்.”

“ஆண்டவர் குடுத்தது உதிர்ற நெல்லா, உதிராத நெல்லா?”

ஃபாதர் அந்தோணி அண்ணனைப் பார்த்தார். அந்தோணி அண்ணன் வானத்தைப் பார்த்தார். “மழை வர்ற மாதிரி இருக்கு, கவனமாப் போய்ட்டு வாங்க” என்று ஃபாதர் ஆசீர்வதித்து அனுப்பினார்.

முதல் அறுவடை மாசியில் நடந்தது. அக்கா கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு, தலையில் கயிற்றைப் போட்டுக்கொண்டு, பத்தாம் நம்பர் மலையில் கொழுந்து பறிக்கிற அதே மிடுக்கோடு சேற்றில் இறங்கினார். இரண்டு கையும் ஓடின. கதிரைத் தொட்டு ஒரு உருவு, பழுத்த மணிகள் பொலபொலவென்று கைக்குள் வந்தன, கை பின்னால் போய் வந்தது, கூடைக்குள் விழுந்தது. ஐந்து நிமிஷத்தில் நிலம் முழுவதும் முடிந்தது. நான் கைதட்டினேன். பின்னாலிருந்து லயமே கைதட்டியது. கூடையில் சேர்ந்த நெல்லில் நல்லதாகப் பார்த்து எடுத்து சித்திரை மழைக்கு மறுபடி விதைத்தார்.

ஆவணியில் இரண்டாவது அறுவடை. அதே கூடை, அதே கை. இந்த முறை நெல் கொஞ்சம் சீக்கிரமாக உதிர்ந்த மாதிரி இருந்தது. “காத்து ஜாஸ்தி” என்றார் அக்கா.

அடுத்த மாசியில் மூன்றாவது. அந்தக் காட்டு நெல் பழுத்த அன்று அந்தோணி அண்ணன் லயத்து அறையான காம்பிராவுக்குள் ஒரு தும்மல் போட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், பின்னால் பாதிக் கதிர் சேற்றுக்குள் கொட்டிவிட்டது. பலாபத்வல வாய்க்காலில் நின்றபோதுகூட அது இவ்வளவு மோசமாக இருக்கவில்லை. உதிராத நெல் செய்யப் புறப்பட்டு, தும்மலுக்கு உதிர்கிற நெல்லைச் செய்து வைத்திருந்தோம். உலக வரலாற்றில் விவசாயத்தைப் பின்பக்கமாக நகர்த்தியது எங்கள் தோட்டம் ஒன்றுதான்.

மீதியை உருவிக் கூடையில் போட்ட அக்கா அன்று சாப்பிடவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மிஷின் அக்கா சும்மா உட்கார்ந்து நான் அதற்கு முன் பார்த்ததேயில்லை. அந்தோணி அண்ணனுக்கு இதைத் தாங்க முடியவில்லை. அவருக்குத் தெரிந்த ஆறுதல் ஒன்றே ஒன்றுதான்: நக்கல்.

“நீ என்னமோ பெரிய ஆராய்ச்சிக்காரி. உன் கை பட்ட ஒடனே எது உதிருதோ அதத்தான் கூடையில போடுற. அதத்தான் திரும்ப நடுற. உதிர்றதையே பொறுக்கி உதிர்றதையே நட்டா, வேற என்ன வரும்? தேங்காயா வரும்?”

அக்கா தலையை நிமிர்த்தினார்.

நானும் நிமிர்ந்தேன். அறைக்கு ஓடிப்போய், பரீட்சைக்கு வராத அந்த மீதிப் பாதி அத்தியாயத்தைத் திறந்தேன். அந்தோணி அண்ணன் சொன்னதுதான் எழுதியிருந்தது, இன்னும் மரியாதையான வார்த்தைகளில். கதிரை உருவியோ கூடைக்குள் தட்டியோ எடுத்தால் உதிர்கிற நெல்தான் கைக்கு வரும். தண்டோடு அறுத்தெடுக்கத் தொடங்கிய பிறகுதான், உதிராமல் நின்ற நெல் வீட்டுக்கு வந்து, அடுத்த வருஷ விதையானது. கல்லரிவாள் எதற்கு வந்தது என்று கேட்டாரே, அதற்குப் பதில் அந்தப் பக்கத்தில் இருந்தது. மூன்று போகமாக அக்காவின் பொன்னான கைகள் தவறான நெல்லைத்தான் அவ்வளவு வேகமாகத் தேர்ந்தெடுத்திருந்தன. வேறு யாராவது மெதுவான கைக்காரர் செய்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் கெட்டிருக்காது.

நான் புத்தகத்தோடு திரும்பி ஓடிவந்தபோது அக்கா ஏற்கனவே சேற்றில் நின்றார். உருவி முடித்த வெறும் கதிர்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கைக்கும் தப்பி, அண்ணனின் தும்மலுக்கும் தப்பி, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில மணிகள் கதிரில் ஒட்டிக்கொண்டிருந்தன.

“புள்ள, கூடையில இருக்கிறத கோழிக்குப் போடு. இந்தா, இதுதான் வெத.”

“அக்கா, புத்தகத்துலயும் அதான் போட்டிருக்கு!”

“புத்தகம் இருக்கட்டும். என் புருசன் சொல்லிட்டாரு. இனி இவர எப்பிடித் தாங்குறது?”

அவர் பயந்தது சரிதான். அன்றிலிருந்து அந்தோணி அண்ணன் தேயிலை ஃபெக்டரியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் “நான்தான் கண்டுபிடிச்சேன்” என்று சொல்லத் தொடங்கினார்.

நாலாவது போகத்தில் அந்தச் சில மணிகள்தான் சேற்றுக்குள் போயின. முளைத்தவை பழையபடி முரட்டுப் பிள்ளைகள்தான். ஆனால் ஆடி கடைசியில், ஓரத்தில் நின்ற ஒரே ஒரு தூர் மட்டும் வித்தியாசமாக நடந்துகொண்டது. மற்றவை முன்னதாகப் பழுத்து முன்னதாகக் கொட்டிக்கொண்டிருந்தன. இது அரைப் பச்சையாக, தலையைக் குனிந்துகொண்டு, காற்றடித்தாலும் மணியை விடாமல் நின்றது. அக்கா அதற்குச் சிவப்பு ரிப்பன் கட்டினார். குருவி வராமல் ஒரு பழைய நுளம்பு வலையும் போட்டார். காலையில் பெரட்டுக்குப் போகமுன் அதைப் பார்ப்பார். மலையிலிருந்து வந்து முகம் கழுவமுன் அதைப் பார்ப்பார்.

நான் படம் எடுத்து விரிவுரையாளருக்கு அனுப்பினேன். அவர் கவனமான மனிதர். “வயல் நெல்லின் மகரந்தம் கலந்த செடியாகவும் இருக்கலாம். வாய்க்கால் வயலுக்குப் பக்கத்தில்தானே?” என்று பதில் போட்டார். அக்காவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

“அப்பன் யாருன்னு கேக்குறாரா உங்க சேர்?”

“அப்பிடித்தான்.”

“எங்கயிருந்து வந்த, யாருக்குப் பொறந்தன்னு பிரஜாவுரிமை தராம எங்ககிட்டயும் ரொம்ப நாள் கேட்டாங்க. எங்க தண்ணியில வளந்திச்சா, இல்லையா? அத மட்டும் கேக்கச் சொல்லு.”

இதெல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் லொறி வந்தது.

கொழுந்து லொறி எங்கள் லயத்துக்கு மேலே திரும்புகிற இடம் மிகவும் ஒடுக்கம். அந்த மாதம் ஒரு நாள் பின் சக்கரம் வழுக்கி, லொறி லயத்துக் கூரையைப் பார்த்துச் சாய்ந்து நின்றது. பார்த்தவர்கள் எல்லோருக்கும் உயிர் போய் வந்தது. தோட்டத்து மேனேஜர், எங்கள் பேச்சில் தொர, வந்து பார்த்தார். லொறி திரும்புவதற்கு இடத்தை அகலமாக்க வேண்டும் என்றார். அகலமாக்குவதென்றால் பீலித் தண்ணீரைக் குழாயில் விட்டு, அந்தச் சேற்று நிலத்தைக் கல் போட்டு மூட வேண்டும். திங்கட்கிழமை வேலை தொடக்கம். இதைச் சொன்னது வெள்ளிக்கிழமை.

அக்கா ரிப்பன் கட்டிய தூருக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

“தொர, இன்னும் பத்து நாள் குடுங்க.”

“எதுக்கும்மா?”

“இது முத்தணும். இப்ப அறுத்தா உள்ளுக்குப் பால்தான் இருக்கும். மொளைக்காது.”

தொர இளம் ஆள், கெட்டவர் இல்லை. வலையை விலக்கிக் குனிந்து பார்த்தார். அவர் கண்ணுக்கு அது ஒரு புல்.

“பத்து நாளைக்குள்ள லொறி உங்க கூரைமேல விழுந்தா யாரும்மா பதில் சொல்றது? நான் உங்களுக்கு ஒரு மூட்டை நல்ல விதை நெல் எடுத்துத் தர்றேன்.”

“அந்த நெல்ல யாரோ எப்பவோ செஞ்சிட்டாங்க தொர. இது நான் செஞ்சது.”

தொரவுக்குப் புரியவில்லை. ஆனால் அக்காவுக்கு லொறி விஷயம் புரிந்தது. கூரைக்குக் கீழே இருப்பது அவர் பிள்ளைகளும்தானே. அவர் வழிவிட்டு ஒதுங்கினார். அந்த ஒரு தூர் போனால் ரிப்பனும் வலையும்தான் மிச்சம். மீதி எல்லாம் தும்மலுக்குக் கொட்டுகிற சாதி. இரண்டு வருஷம் முழுவதும் அந்த அரைப் பச்சைக் கதிர்களுக்குள் இருந்தது.

நான் அழுகிற நிலைமையில் இருந்தேன். அக்கா என்னைப் பார்த்துக் கேட்டார்.

“ஏன் புள்ள, அந்தக் காலத்துல இருந்த எடத்துல இருக்க ஏலாமப் போனா அவங்க என்ன செஞ்சாங்க?”

“...எடுத்துக்கிட்டு வேற எடத்துக்குப் போனாங்க.”

“அப்புறம் ஏன் மூக்க உறிஞ்சுற? கூடைய எடு.”

சனிக்கிழமை காலை, கொழுந்துக் கூடைக்குள் ஈரச் சாக்கு விரித்து, வேரோடும் சேற்றோடும் பெயர்த்த அந்தத் தூரை இறக்கினோம். அக்கா தலையில் கயிற்றைப் போட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டார். பின்னாலிருந்து பார்த்தால், அக்காவின் தலைக்குப் பின்னால் நெல் முளைத்த மாதிரி இருந்தது. அந்தோணி அண்ணன் வழியனுப்ப வந்து, கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

“என்ன அண்ணே, அழுறீங்களா?”

“இல்ல. தும்மல் வருது. ஒதுங்கி நிக்கிறேன்.”

எல்கடுவ பஸ் மாத்தளைக்கு இறங்குகிற ரோட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்த ரோட்டில் வந்தால் சட்டையில் தைத்த பொத்தானே கழன்றுவிடும். அக்கா கூடையைக் காலடியில் வைத்து, அதைச் சுற்றிப் படங்கை விரித்தார். படங்கு என்றால், மலையில் செடி கிழிக்காமல் இருக்கக் கொழுந்து எடுக்கிறவர்கள் இடுப்பில் கட்டுகிற முரட்டுச் சாக்கு. உதிர்ந்தால் அதில் விழும்.

கண்டக்டர் சிங்களப் பையன், தமிழ் நன்றாகப் பேசுவான். “இஸ்ஸரஹட்ட போங்க, முன்னுக்குப் போங்க” என்று தள்ளிக்கொண்டே வந்து கூடையில் இடித்துக்கொண்டான்.

“அக்கே, இது என்ன? மரக்கறியா?”

“நெல்லு தம்பி. ஆட்டாதீங்க.”

“நான் ஆட்டல்ல அக்கே. ரோடு ஆட்டுது.”

முதல் வளைவில் பஸ் ஒரு குழியில் விழுந்து எழும்பியது. ஒரு மணி உதிர்ந்தது. இரண்டாவது வளைவில் இரண்டு. பின்சீட்டில் இருந்தவர்கள் தலையை நீட்டத் தொடங்கினார்கள். விஷயம் என்னவென்று நான் மூச்சுவிடாமல் சொல்லி முடிக்குமுன், பஸ்ஸில் இருந்த எல்லோரும் இந்த நெல்லுக்குச் சொந்தக்காரர்களாகிவிட்டார்கள். “ட்ரைவர், மெதுவா!” என்று ஒருவர் கத்தினார்.

“மெதுவா வேணாம்!” என்று அக்கா அதைவிடச் சத்தமாகக் கத்தினார். “ஒழுங்காப் போங்க! இங்கேயே விழுறதா இருந்தா விழுந்திரட்டும். எனக்கு அது தெரியணும்!”

ட்ரைவருக்கு அதற்கு மேல் உற்சாகம் தேவைப்படவில்லை.

கண்டக்டர் உதவி செய்கிறேன் என்று குனிந்து, படங்கில் விழுந்த மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பக்குவமாக அக்காவின் கையில் வைத்தான். அக்கா வாங்கி ஜன்னலால் வெளியே எறிந்தார்.

“அக்கே! அது உங்க நெல்லு!”

“இல்ல தம்பி. அது காட்டோட நெல்லு. விழாம நிக்கிது பாருங்க, அதுதான் என்னோடது.”

மாத்தளையில் பஸ் மாறி, பலாபத்வலவில் இறங்கியபோது எண்ணிப் பார்த்தோம். அவ்வளவு தூரத்துக்கும் உதிர்ந்தது பதினேழு மணி. கதிரில் நின்றவற்றை எண்ண ஆரம்பித்து, நூறு தாண்டியதும் எனக்குக் கண் மங்கியது. மீதியை அக்கா எண்ணினார். எண்ணி முடித்து, கூடையின் ஓரத்தை அந்த வேகமான கைகளால், மிக மெதுவாக, தட்டிக்கொடுத்தார்.

நானாவுக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை. கூடைக்குள் இருந்ததை அடையாளம் தெரிந்தது.

“யா அல்லா! இந்தக் களைய நான் புடுங்கிப் புடுங்கிச் செத்துட்டு ஈக்கிறேன். நீங்க கூடையில தூக்கிட்டு வாறீங்களா?”

“இது அந்தக் களை இல்ல நானா. ஆட்டிப் பாருங்க.”

நானா வயல்காரர். நெல்லைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கதிரைப் பிடித்து ஆட்டினார். இன்னும் பலமாக ஆட்டினார். பிறகு முகத்தைச் சுருக்கிக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்தார்.

“மீச அதுட மீசதான். ஆனா கொட்டுறல்லியே.”

“அதான் நானா.”

வயலுக்குள் விடமாட்டேன் என்று முடிவாகச் சொல்லிவிட்டார், அது நியாயம்தான். ஆனால் கடைக்குப் பக்கத்தில், வயலுக்குத் தூரமாக, உடைந்த சீமெந்துத் தொட்டி ஒன்று இருந்தது. அதில் சேறு போட்டுத் தூரை இறக்க இடம் கொடுத்தார். பத்து நாளும் தண்ணீர் ஊற்றியதும் அவர்தான். அக்கா ஒவ்வொரு நாளும் மலையிலிருந்து அவருக்கு ஃபோன் எடுத்து, “நானா, நிக்கிதா?” என்று கேட்பார். “நிக்கிது தங்கச்சி, நிக்கிது. நான்தான் களைச்சுப் போய் ஈக்கிறேன்.”

பதினோராம் நாள் தண்டோடு அறுத்தோம். சிவந்த மணிகள். ஒரு யோகட் கோப்பையில் அரைவாசிகூட வரவில்லை. நான் அவற்றைக் கடதாசிப் பொதியில் கட்டி, எங்கள் ஆய்வுகூடத்து வழக்கப்படி மேலே எழுதினேன்: ‘போகம் 4, தூர் 1’.

“என்ன எழுதின?”

வாசித்துக் காட்டினேன்.

“நம்பரா? எனக்குத்தான் ஏற்கனவே சம்பளம் பதியிற செக்ரோல்ல ஒரு நம்பர் இருக்கே. வாய்க்கால்கிட்ட நின்னு உங்கிட்ட என்ன சொன்னேன்? பேர எழுது புள்ள.”

லயத்துக்குப் பின்னால் இப்போது கல் பதித்து, லொறி கம்பீரமாகத் திரும்புகிறது. ஐப்பசி மழை விழுந்ததும் நானாவின் தொட்டியில் விதைக்கப் போகிறோம். பாதி தூங்கும், தெரியும். மீதிப் பாதி பழுத்ததும் அந்தோணி அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய் அதற்கு முன்னால் நிறுத்தி, மூக்குப் பொடி போட்டுத் தும்மவைப்பது என்று திட்டம். தும்மலுக்குத் தப்பியதை எல்கடுவ பஸ்ஸில் மேலே கொண்டுபோவோம். அதற்கும் தப்பியதை மறுபடி விதைப்போம். நெல்லு முடிந்ததும் காட்டுப் பன்றி என்று அக்கா சொல்லிக்கொண்டிருக்கிறார். அதை நான் இப்போதைக்குக் கேட்காத மாதிரி இருக்கிறேன்.

பொதி என் மேசையில் இருக்கிறது. நம்பரை வெட்டிவிட்டு, மழை பட்டாலும் அழியாத மையால், தோட்டத்தில் யாரும் கூப்பிடாத அந்தப் பேரை எழுதியிருக்கிறேன். ஆயிரம் வருஷம் கழித்து யாராவது கேட்டால் சொல்வதற்காக இங்கேயும் எழுதிவிடுகிறேன்: மரியபுஷ்பம்.